ஆசிரியர் சங்கங்களால் பள்ளி கெடுகிறதா? சுங்கை சிப்புட்டிலிருந்து சில குறிப்புகள்

24 ஏப்ரல் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

"ஆசிரியர் சங்கங்கள் பள்ளிக்கூடத்தைக் கெடுக்கின்றன என்று அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். நம் மலேசியாவில் அதைப் பேச எவரும் துணிவதில்லை. சம்பளம், பதவி உயர்வு, மாற்றல் என்ற மூன்றைத் தவிர வேறு எதற்காகவாவது நம் ஆசிரியர் சங்கங்கள் வாய் திறந்ததுண்டா? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் நலிந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்."

25 ஏப்ரல், இரவு

முழுவதும் மறுக்க என்னால் முடியாது. என் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டப்பள்ளிகளில் ஒன்றில் என் மகள் படித்தாள். 2013 முதல் 2018 வரை அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக நான் இருந்தேன். பிள்ளைகள் அறுபது சொச்சம் பேர். தலைமையாசிரியரையும் சேர்த்து ஆசிரியர்கள் ஒன்பது பேர். 2017 பிப்ரவரியில், மகள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இருந்தபோது, கணித ஆசிரியை மாற்றலாகிச் சென்றார். நான்கு மாதங்களுக்குப் பதில் ஆசிரியர் வரவில்லை. கையில் வேலை இல்லாத ஆசிரியர் யாரோ அவர் அந்தப் பாடவேளைக்கு வந்தார். வந்த ஒவ்வொருவரும் முன்னால் வந்தவர் எங்கே விட்டார் என்று தெரியாமல் பின்னத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்த ஆண்டின் கணிதப் பயிற்சிப் புத்தகத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பின்னத்தின் முதல் பயிற்சி அதில் நான்கு முறை செய்யப்பட்டு, நான்கு வெவ்வேறு கையெழுத்துகளில் திருத்தப்பட்டிருக்கிறது. ஐந்தாவது பயிற்சிக்கு எவரும் போய்ச் சேரவில்லை.

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் இதைக் கேட்டேன். கூட்டத்துக்கு வந்திருந்த ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் (எந்தச் சங்கம் என்பது இங்கே தேவையில்லை) எழுந்து, மாற்றல் கேட்பது உறுப்பினரின் உரிமை என்றும், பதில் ஆசிரியரை அனுப்புவது கல்வி இலாகாவின் பொறுப்பு என்றும் சொல்லி அமர்ந்தார். இரண்டுமே உண்மை. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பதினொரு பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சங்கம் பரிந்துரைத்ததால்தான் அந்த மாற்றல் அவ்வளவு விரைவில் கிடைத்தது என்று பெற்றோர்கள் பேசிக்கொண்டோம்.

ஆகவே, கேள்வி கேட்ட ஐயாவின் கோபம் எனக்குப் புரிகிறது.

26 ஏப்ரல், காலை

இரவு எழுதியதை மறுபடி படித்தேன். கோபம் சரி, ஆனால் அமெரிக்காவை இங்கே கொண்டுவந்து பொருத்துவது சரியில்லை. எது அங்கே குற்றச்சாட்டாக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஆசிரியர் சங்கம் கல்வி மாவட்டத்தோடு நேருக்கு நேர் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் போடுகிறது. சம்பளம் மட்டுமின்றி, யாரை முதலில் பணியிலிருந்து குறைப்பது, தகுதியற்றவர் என்று சொல்லப்படும் ஆசிரியரை நீக்க எத்தனை படிகள் ஏற வேண்டும் என்பதிலெல்லாம் அந்த ஒப்பந்தங்களுக்கும், சங்கங்கள் ஆதரித்துக் காத்துவரும் மாநிலச் சட்டங்களுக்கும் கை உண்டு. நியூயார்க் நகரில் ஒழுங்கு நடவடிக்கைக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் வகுப்புக்குப் போகாமல், முழுச் சம்பளத்தோடு, தனி அறைகளில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறைகளை மூட 2010இல்தான் நகர நிர்வாகமும் சங்கமும் உடன்பட்டன. கலிபோர்னியாவில் ஒன்பது மாணவர்கள் பெயரில் வெர்காரா வழக்கு தொடுக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் பணி நிரந்தரம் தருவதும், ஆட்குறைப்பின்போது கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதும் பிள்ளைகளின் உரிமையைப் பாதிக்கின்றன என்று 2014இல் விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

இங்கே அப்படி எதுவும் இல்லை. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் கூட்டு ஒப்பந்தப் பகுதிகள் அரசாங்க ஊழியருக்குப் பொருந்தாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. நம் ஆசிரியர் சங்கங்கள் கோரிக்கை வைக்கலாம், அரசாங்க ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் வழியாகவும், அரசாங்கமும் ஊழியர் தரப்பும் கூடிப் பேசும் தேசியக் கூட்டு மன்றம் வழியாகவும் பேசலாம். கையெழுத்துப் போட்டு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்த முடியாது. எங்கள் பள்ளியின் கணித ஆசிரியையை அனுப்பியதும், பதிலுக்கு ஒருவரை அனுப்பாததும் சங்கத்தின் பலத்தால் நடந்த காரியங்கள் அல்ல.

அப்படியானால் என் குறை எதைப் பற்றியது? அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1 மே

இன்று தொழிலாளர் தினம். அப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுத் தொழிலாளி. தோட்டத் தொழிற்சங்கக் கமிட்டியிலும் இருந்தவர். சங்கம் இல்லாவிட்டால் தோட்ட மேலாளரான துரையின் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கித்தான் நிற்க வேண்டியிருக்கும் என்று அடிக்கடி சொல்வார். அது அவர் காலத்துக்கும் முந்தைய கதை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையின் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று. அதே பட்டியலில் சம ஊதியம், கள்ளுக்கடை மூடல், மருத்துவ வசதி ஆகியவற்றோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தும், பல தோட்டங்களில் கொட்டகை ஒன்றைக் கட்டி, கணக்கெழுதும் கிராணியையோ வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியையோ வாத்தியார் என்று உட்கார வைத்திருந்தார்கள். அதனால்தான் ரப்பர் மரம் வெட்டியவர்கள் பள்ளிக்கூடத்தைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுதினார்கள்.

ஆனால் 1979இல் எங்கள் தோட்டப்பள்ளியின் கூரை ஒழுகியபோது நடந்தது வேறு. மழை வந்தால் மூன்றாம் வகுப்பை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு மாற்றுவார்கள். அந்த வகுப்பில் நானும் இருந்தேன். அப்பா தம் சங்கத்தின் பொறுப்பாளரிடம் சென்று கேட்டார். பள்ளிக் கூரை கூட்டு ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டார். பள்ளி அரசாங்கத்துடையது என்றார்கள். அரசாங்க அலுவலகத்தில் கேட்டார். நிலம் தோட்டத்துடையது, பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளி என்றார்கள். கடைசியில், காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) வசூலித்துத் தகரம் வாங்கிப் போட்டார்கள்.

தன் உறுப்பினரின் கூலிக்காகத் துரையையே எதிர்த்து நின்ற சங்கம், அதே உறுப்பினரின் பிள்ளை நனைந்தபோது ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தது. 2017இல் அந்தப் பொறுப்பாளர் எழுந்து பேசியபோது எனக்குள் கிளர்ந்த கோபம் அன்றையது மட்டுமல்ல என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

3 மே

தோட்டப்பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் எனக்குக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: எழுநூறு பிள்ளைகள் படிக்கும் பட்டணத்துப் பள்ளியில் எத்தனை செயற்குழுக்கள் உண்டோ, அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் ஏறக்குறைய அத்தனை உண்டு. அங்கே ஐம்பது பேர் பகிர்ந்துகொள்வதை இங்கே எட்டுப் பேர் சுமக்கிறார்கள். பாடநூல் இரவல் திட்டம், உணவுத் திட்டம், புறப்பாட நடவடிக்கை, வருகைப் பதிவு, சுகாதாரம், போட்டிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி இணையப் பதிவு. இந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லிச் சங்கம் குரல் கொடுத்தால் அது ஆசிரியருக்காக மட்டும் கொடுத்த குரலா என்று கேட்கிறார்.

அவர் கேட்பது நியாயம். 150க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவை ஏராளம். அங்கே கூட்டு வகுப்பும் நடக்கும். ஒரே அறையில் ஒரு பக்கம் முதலாம் ஆண்டு, மறுபக்கம் இரண்டாம் ஆண்டு. 2011இல் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த பள்ளிசார் மதிப்பீட்டின் தரவுகளை இணையத்தில் ஏற்றுவதற்காக ஆசிரியர்கள் நள்ளிரவில் விழித்திருந்ததும், அவர்கள் கொடுத்த நெருக்குதலுக்குப் பிறகு 2014இல் அமைச்சு அந்த முறையைத் தளர்த்தியதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று ஆசிரியருக்குக் கிடைத்த தூக்கம் மறுநாள் காலை வகுப்புக்கும் பயன்பட்டது.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. அரசாங்க ஊழியர்களின் நடத்தை, ஒழுங்கு தொடர்பான 1993ஆம் ஆண்டு விதிகளில் 19ஆம் விதியின்படி, ஆசிரியர் அனுமதியின்றிப் பத்திரிகைக்கோ பொதுமேடைக்கோ அரசாங்கக் கொள்கை பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. எங்கள் பள்ளியில் கணிதத்துக்கு ஆள் இல்லை என்று மற்ற எட்டு ஆசிரியர்களும் ஏன் வாய்மூடி இருந்தார்கள் என்று நான் அன்று மனத்துக்குள் திட்டியது தவறு. அவர்களுக்கு இருந்த வாய் சங்கம் ஒன்றுதான். அதனாலேயே அந்த வாய் எதைப் பேசுகிறது, எதை விடுகிறது என்பது இத்தனை முக்கியமாகிறது.

4 மே

ஒரு திருத்தம். 2017இல் மாற்றலாகிச் சென்ற ஆசிரியையே இதைப் படித்துவிட்டு எனக்குத் தகவல் அனுப்பினார். அவருடைய மாற்றலில் சங்கத்தின் பங்கு எதுவும் இல்லை. எல்லோரையும் போல் அமைச்சின் இணைய வழி விண்ணப்ப முறையில் ஒவ்வொரு தவணையும் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். ஆறாவது ஆண்டில் கிடைத்தது. கணவர் தெற்கே ஜோகூரில், கைக்குழந்தை மாமியாரிடம். வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் போய் ஞாயிற்றுக்கிழமை இரவுப் பேருந்தில் திரும்பி, திங்கள் காலை அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறார். ஆறு ஆண்டுகள்.

சங்கம் பரிந்துரைத்தது என்று நாங்கள் பேசிக்கொண்டது ஆதாரமற்ற பேச்சு. அதை இங்கே எழுதியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரைப் போக விடாமல் தடுத்திருக்க வேண்டும் என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பின்னத்தின் முதல் பயிற்சியை நான்கு முறை செய்த பிள்ளைகளுக்கு என்ன பதில்? அவர் போக வேண்டியதும் நியாயம், பிள்ளைகள் கேட்டதும் நியாயம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இடம் இது.

9 மே

அந்த நான்கு மாதங்களுக்குப் பிறகு வந்தவரைப் பற்றி எழுதாமல் விட்டால் கதை அரைகுறையாகிவிடும். தற்காலிக ஆசிரியராக ஓர் இளைஞர் வந்தார். பயிற்சிக் கல்லூரிக்குப் போகாதவர். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர். முதல் வாரமே பதினொரு பிள்ளைகளின் புத்தகங்களையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று யாருக்கு எது தெரியாது என்று ஒரு தாளில் எழுதி வைத்தார். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலையை எடை போடும் தராசுக்கு அருகே பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஒரு குலையை எத்தனை பங்காகப் பிரித்தால் எத்தனை கிலோ என்று பின்னத்தைக் கற்றுக் கொடுத்தார். அவர் வந்த பிறகுதான் என் மகள் இரவில் அழாமல் கணக்குச் செய்தாள்.

நவம்பரில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். சங்கப் பொறுப்பாளரிடமும் கேட்டேன். அவர் உறுப்பினர் இல்லையே என்று பதில் வந்தது.

என்னை இன்றுவரை உறுத்துவது இந்தப் பதில்தான். மாற்றல் பெற்ற ஆசிரியை விஷயத்தில் உறுப்பினரின் நலனும் பிள்ளையின் நலனும் மோதின. சங்கம் உறுப்பினர் பக்கம் நின்றது. அதை நான் புரிந்துகொள்கிறேன். அதற்காகத்தான் அவர் சந்தா கட்டுகிறார். ஆனால் இந்த இளைஞர் விஷயத்தில் எந்த உறுப்பினருக்கும் நட்டமில்லை. அவருக்காகப் பேசியிருந்தால் சங்கத்துக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பேசுவதற்குக் காரணமாகச் சந்தாவைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

11 மே

கேள்வி கேட்ட ஐயா, "அப்படியானால் நான் சொன்னதுதானே சரி, சம்பளத்துக்குத் தவிர வாய் திறந்ததில்லை" என்று மறுபடி எழுதியிருக்கிறார். சம்பளம் என்ற சொல்லை இவ்வளவு இளக்காரமாகச் சொல்வது எனக்கு ஏற்பில்லை.

ராசம்மா பூபாலன் என்ற பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. இளம் வயதில் இந்தியத் தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர், பிறகு ஆசிரியை ஆனவர். ஒரே வேலைக்குப் பெண் ஆசிரியைக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் கொடுக்கப்பட்ட காலத்தில், 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவராக இருந்தார். 1967 நவம்பரில் தேசிய ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தமே செய்தது. அதன் பின்னர் ஆசிரியர் பணி பற்றி விசாரிக்க அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அசிஸ் ஆணையம் என்று அதைச் சொல்வார்கள். சம ஊதியம் 1969 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நாம் இன்று அறியும் தேசிய ஆசிரியர் பணியாளர் சங்கம் 1974இல் சங்கங்கள் இணைந்து உருவானது.

இதை நான் வெறும் சம்பளக் கதையாகப் பார்க்கவில்லை. தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் அரைச் சம்பளக்காரிகளாக இல்லாமல் நிமிர்ந்து நின்றது பெண் பிள்ளைகளுக்கு எத்தனை பெரிய பாடம் என்பதை, லயத்து வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன என்னைப் போன்றவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆசிரியை கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, தம் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளில் வருவார். அம்மாவின் கூலி அப்பாவின் கையில் போய்ச் சேருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய காட்சி.

16 மே

ஆசிரியர் தினம். மலாயாவின் கல்விக் கொள்கையை வகுத்த ரசாக் அறிக்கை 1956இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள் என்பதால் இந்தத் தேதி. பிள்ளைகள் பரிசோடு பள்ளிக்குப் போகும் நாளில் இந்தக் குறிப்பை எழுதுவது வேண்டுமென்றேதான்.

ஆசிரியர் அமைப்பு பள்ளியையே தன் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. சீனப்பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜியாவ் ஸோங் 1951இல் தொடங்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த லிம் லியன் கியோக் கோலாலம்பூரில் ஒரு சீனப்பள்ளி ஆசிரியர். சீனப்பள்ளிகளின் நிலைக்காக, ரசாக் அறிக்கைக்கும் பின்னர் வந்த ரஹ்மான் தாலிப் கல்வி அறிக்கைக்கும் எதிராக அவர் வாதாடினார். 1961இல் அவரது ஆசிரியர் பதிவு பறிக்கப்பட்டது. குடியுரிமையைப் பறிக்கவும் நடவடிக்கை தொடங்கி, வழக்காடியும் பயனின்றி 1964இல் அதையும் இழந்தார். அவர் இழந்தவை தம் பதவி உயர்வுக்காகக் கேட்டு இழந்தவை அல்ல.

அவருடைய எல்லா நிலைப்பாடுகளையும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளியின் உயிரும் ஆசிரியரின் வேலையும் ஒன்றே என்று அந்த ஆசிரியர்கள் எண்ணினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். 1957இல் நம்மிடம் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள், சிறிய பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. இந்தக் காரணங்களில் ஆசிரியர் சங்கத்தை நான் எங்கே தேடியும் காணவில்லை. ஐயா சொன்ன "பங்கு உண்டு" என்பதை இந்த அளவில் மறுக்கிறேன்.

18 மே

தமிழ்நாட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். 2019 ஜனவரியில் பழைய ஓய்வூதியத்துக்காக மறுபடியும் வேலைநிறுத்தம். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் பள்ளிகள் மூடிக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஓய்வூதியம் நியாயமான கோரிக்கையாக இருக்கலாம். தேர்வுக்கு முந்தைய அந்த நாள்களை அந்தப் பிள்ளைகளுக்கு எவரும் திருப்பித் தர முடியாது.

மெக்சிகோ இன்னும் மோசம். அங்கே ஆசிரியர் பணியிடங்கள் விற்கப்பட்டன. சில பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சொத்துப்போல் கைமாறின. 1989 முதல் தேசிய ஆசிரியர் சங்கத்தின் தலைமையில் இருந்த எல்பா எஸ்தர் கோர்டியோ 2013இல் சங்கப் பணத்தைக் கையாடிய குற்றச்சாட்டில் கைதானார். 2018இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். சங்கத்துக்கு எல்லை இல்லாத பலம் வந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டும் போதும். நமக்கு அந்தப் பயம் இன்று தேவையில்லை.

20 மே

ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் கரோலின் ஹாக்ஸ்பி 1996இல் வெளியிட்ட ஆய்வு, சங்கம் வந்த மாவட்டங்களில் செலவு கூடியது, இடைநிற்றலும் கூடியது என்றது. மைக்கேல் லவன்ஹைம் 2009இல் வேறு தரவுகளை வைத்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட தாக்கம் தெரியவில்லை. பின்லாந்தில் ஆசிரியர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். உலகமே அந்தப் பள்ளிகளைப் பார்த்துவரப் போனது. சங்கம் இருப்பதாலோ இல்லாததாலோ மட்டும் பள்ளி உருப்படுவதுமில்லை, கெடுவதுமில்லை.

25 மே, நள்ளிரவு

பழைய கூட்டக் குறிப்பேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். நான் செயலாளராக இருந்த ஆறு ஆண்டுகள். என் கையெழுத்துதான். விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை, தீபாவளி விருந்து, வேலி, கழிப்பறைக் கதவு, நிதி திரட்டும் விருந்து, பள்ளி வாரியத்தோடு தகராறு, மறுபடி வேலி. ஒரு வகுப்பில் என்ன கற்பிக்கப்படுகிறது, எது கற்பிக்கப்படவில்லை என்று நாங்கள் பேசியதாக ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு பதிவு இருக்கிறது. அது 2017இல் நான் கேட்ட கேள்வி.

ஆசிரியருக்குச் சங்கம் உண்டு. தலைமையாசிரியருக்கு இலாகா உண்டு. பிள்ளைக்காகப் பேச வேண்டிய பெற்றோர் ஆசிரியர் சங்கமோ வேலிக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொறுப்பாளர் எழுந்து உறுப்பினரின் உரிமை என்று சொன்னபோது, அதற்கு மறுமொழியாகப் பிள்ளையின் உரிமை இது என்று எழுந்து சொல்ல எங்களிடம் எழுதி வைத்த ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபம் இருந்தது, கோரிக்கை இல்லை. சங்கம் தன் உறுப்பினருக்காகப் பேசியது என்பதற்காக நான் எட்டு ஆண்டுகள் அதன்மேல் மனத்தாங்கலோடு இருந்திருக்கிறேன்.

இதனால் அந்த "உறுப்பினர் இல்லையே" என்ற பதிலை மன்னித்துவிட்டேன் என்று பொருளில்லை. வாயில்லாத ஆசிரியர்களுக்கு ஒரே வாயாக இருக்கும் அமைப்புக்குச் சந்தாவையும் தாண்டிய கடமை உண்டு என்றே இப்போதும் சொல்வேன்.

1 ஜூன்

நேற்று எங்கள் பள்ளியின் இன்றைய பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரைச் சந்தித்தேன். என்னிடம் படித்த பிள்ளைபோல் பணிவாகப் பேசும் இளம் தாய். அவருடைய மகன் நான்காம் ஆண்டில் இருக்கிறான். இருவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். ஒரு பிரதி மாவட்டக் கல்வி இலாகாவுக்கு, ஒரு பிரதி இங்குள்ள ஆசிரியர் சங்கக் கிளைக்கு. இரண்டே கோரிக்கைகள். ஒன்று, 150க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளியிலிருந்து ஆசிரியர் மாற்றலாகும்போது, பதில் ஆசிரியர் வந்து சேர்ந்து ஒரு வாரம் இருவரும் ஒன்றாக இருந்து பாடத்தை ஒப்படைக்கும்படி தேதிகளை அமைக்க வேண்டும். மாற்றல் பெற்றவரின் மாற்றல் எக்காரணத்தாலும் ரத்தாகக் கூடாது. இரண்டு, தற்காலிக ஆசிரியரின் ஒப்பந்தம் முடியும்போது அதைப் புதுப்பிப்பது பற்றிப் பெற்றோரின் எழுத்துபூர்வமான கருத்தையும் கேட்க வேண்டும். அவருக்காகச் சங்கம் பேச வேண்டும்.

"ரத்தாகக் கூடாது" என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது அந்த ஜோகூர் ஆசிரியை. வரைவை அவருக்கு அனுப்பியிருந்தேன். ஒரு வாரம் தங்கிப் பாடத்தை ஒப்படைக்கச் சொல்லியிருந்தால் அன்று தாம் மகிழ்ச்சியோடு செய்திருப்பார் என்றும், தம்மிடம் அதை எவரும் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

கடிதம் திங்கட்கிழமை போகிறது. அதோடு அந்தப் பயிற்சிப் புத்தகத்தின் நான்கு பக்கங்களையும் நகலெடுத்து இணைத்திருக்கிறோம்.